ஊசி குத்தும் இடத்தைக் கரன்ட் வைத்து மரக்கச் செய்வது: முழுமையான வழிகாட்டி

ஊசி குத்தப்போகும் இடம் வலிக்காமல் இருக்க முதலில் ஒரு ஊசி போடுவது பெரியவர்களுக்குச் சரி. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அந்த நியாயம் எடுபடாது. அந்த இடத்தில் கைகொடுப்பதுதான் அயன்டோபோரெசிஸ். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் நனைத்த பேடைத் தோலில் ஒட்டி, சில மில்லி ஆம்பியர் கரன்டைப் பத்து இருபது நிமிடம் ஓட்டினால் மருந்து தோலுக்குள் இறங்கி அந்த இடம் மரத்துவிடும். பிறகு வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் ஏற்றிவிடும் சிறு பிளாஸ்டிக் குழாய்) போடலாம், ரத்தம் எடுக்கலாம், மருவைச் சுரண்டலாம்.

டெல்லிக்கு வந்து பிசியோதெரபியிலும் நர்சிங்கிலும் வேலைக்குச் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கல்லூரியில் ஒரு பக்கம் படித்திருப்பீர்கள், செய்து பார்த்திருக்க மாட்டீர்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் படிக்கலாம். ஆனால் இது வீட்டில் செய்து பார்க்கும் சமாசாரம் இல்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரன்ட் தோலைச் சுட ஆரம்பித்தால் நம்மை எச்சரிப்பது வலிதான். இங்கே அந்த வலியை அடக்கும் மருந்தையே உள்ளே இறக்குகிறோம். வேறு எந்த மின் சிகிச்சையிலும் "சுட்டால் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகரலாம். இதில் முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

உள்ளே நடப்பது என்ன

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். ஆனாலும் தண்ணீரில் கரையும் மருந்து எதையும் அது லேசில் உள்ளே விடாது. லிக்னோகெய்ன் ஹைட்ரோகுளோரைடு கரைசலில் மருந்துத் துகள் பாசிட்டிவ் மின்னேற்றத்தோடு இருக்கும். அதன் மேல் பாசிட்டிவ் எலக்ட்ரோடை வைத்தால், ஒத்த மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தின்படி மருந்து தோலுக்குள் தள்ளப்படும். வியர்வைத் துவாரமும் மயிர்க்கால்களும்தான் அது போகும் முக்கிய வழி. தோலுக்கு இயல்பாகவே நெகட்டிவ் தன்மை உண்டு என்பதால், கரன்ட் ஓடும்போது பாசிட்டிவ் பக்கத்திலிருந்து தண்ணீரும் கொஞ்சம் உள்நோக்கி நகர்ந்து மருந்தைக் கூடவே இழுத்துப்போகும். ஆக லிக்னோகெய்னுக்கு இரட்டைத் தள்ளு கிடைக்கிறது.

துருவம் மாறினால் ஒன்றும் நடக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்தெஃபான் லெதுக் என்ற மருத்துவர் இதை இரண்டு முயல்களை வைத்துக் காட்டினார். இரண்டையும் ஒரே மின்சுற்றில் இணைத்து, ஒன்றின் தோலில் பாசிட்டிவ் முனைக்குக் கீழே ஸ்ட்ரிக்னைனும் மற்றதில் நெகட்டிவ் முனைக்குக் கீழே சயனைடும் வைத்தார். கரன்ட் ஓடியதும் ஒன்று வலிப்பு வந்து செத்தது, மற்றது சயனைடு விஷத்தில் செத்தது. அதே ஏற்பாட்டில் துருவத்தை மாற்றி ஓட்டியபோது இரண்டு முயல்களுக்கும் எதுவும் ஆகவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. ஆனால் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் பார்க்காமல் மாட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கிரீம் போதுமா, கரன்ட் வேண்டுமா

பல நேரம் கிரீமே போதும் என்பது என் கட்சி. லிக்னோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் கலந்த கிரீம் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும். தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் பட்டையால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். மயூர் விஹாரிலிருந்து எய்ம்ஸுக்கு மெட்ரோவில் வருகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பூசிக்கொண்டால், வந்து டோக்கன் எடுப்பதற்குள் கை மரத்திருக்கும். கைக்குழந்தைகளிடத்தில் மட்டும் பிரிலோகெய்ன் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கக்கூடும் என்பதால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதபோதுதான் கரன்டுக்கு வேலை. தயார்நிலைப் பேட்கூட வந்தது. 10 சதவீத லிடோகெய்னும் அட்ரினலினும் வைத்து, பத்து நிமிடத்தில் மரக்கச் செய்யும் பேட் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2004ல் ஒப்புதல் கிடைத்தது. லிடோகெய்ன் என்பது நம் லிக்னோகெய்னேதான். நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் மெஷினும் மருந்தும் பேடும் தனித்தனியாகத்தான் இருக்கும், நாமேதான் சேர்க்க வேண்டும். அதனால் பின்வரும் படிகள்.

படி 1: யாருக்குச் செய்யக் கூடாது

பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் வைத்தவர்களுக்கு அறவே கூடாது. லிக்னோகெய்ன் வகை மருந்தில் முன்பு ஒவ்வாமை வந்தவர்கள், கரன்ட் போகும் வழியில் உலோகப் பிளேட்டோ ஸ்க்ரூவோ வைத்திருப்பவர்கள், அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை இந்த வரிசையில் சேருங்கள். வெட்டு, சிராய்ப்பு, சொறி, புதிதாக ஷேவ் செய்த தோல் எதிலும் வைக்காதீர்கள், அங்கே கரன்ட் மொத்தமும் அந்தக் கீறல் வழியாக இறங்கும். மருந்தில் அட்ரினலின் இருந்தால், கட்டுப்படாத ரத்த அழுத்தமும் இதயத் துடிப்புக் கோளாறும் உண்டா என்று கேளுங்கள். விரல் நுனியிலும் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் விஷயத்தில் முடிவு டாக்டருடையது.

பெற்றோரிடம் கேட்கும்போது "அலர்ஜி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "பல் பிடுங்கறப்ப மரத்துப்போற ஊசி போட்டாங்களா? அப்ப மயக்கம், தடிப்பு ஏதாவது வந்துதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: சரியான மெஷின்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பிசியோ கிளினிக்கில் இருக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. என்ற வலி குறைக்கும் மெஷின்கள் இரண்டும் இதற்கு உதவாது. அவற்றின் கரன்ட் முன்னும் பின்னும் மாறி மாறிப் போவதால், ஒரு நொடியில் தள்ளிய மருந்தை அடுத்த நொடியில் திரும்ப இழுத்துவிடும். ஒரே திசையில் இடைவிடாமல் ஓடும் நேர் மின்னோட்டம்தான் வேண்டும். மெஷினில் அயன்டோபோரெசிஸ் என்றோ கன்டினியூவஸ் கால்வனிக் என்றோ எழுதியிருக்கும். இன்டரப்டட் கால்வனிக் தசையைத் துடிக்க வைப்பதற்கானது, இதற்கல்ல.

பேட்டரியில் ஓடும் மெஷினே நல்லது. கோடையில் டெல்லி வோல்டேஜ் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரியும். சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸில் ஒரு பக்கம் மின்சாதன மொத்தக் கடைகள், இன்னொரு பக்கம் மருந்து, சர்ஜிகல் கடைகள். அங்கே போனால் இரண்டு உலகமும் ஒரே சந்தில் கிடைக்கும். ஆனால் வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் மூன்றைப் பாருங்கள்: மில்லி ஆம்பியர் அளவு திரையில் தெரிகிறதா, கரன்ட் தானாக மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறதா, தோலின் தடை திடீரென ஏறினால் மெஷின் தானே நிற்கிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் குழந்தைக்கு வைக்காதீர்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் வயர் சுற்றிச் செய்யும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் இந்த மூன்றுமே கிடையாது.

எது பாசிட்டிவ் என்று சந்தேகம் வந்தால், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீரில் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மெஷினைக் குறைவாக ஓட்டுங்கள். குமிழி அதிகம் வருவது நெகட்டிவ். ரிப்பேருக்குப் போய் வந்த மெஷினில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 3: மருந்தும் அளவும்

வழக்கமாக 2 சதவீத லிக்னோகெய்ன், முடிந்தால் அட்ரினலின் கலந்தது. அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் மருந்து அங்கேயே தங்கும், மரப்பு நீடிக்கும். மருந்தை எழுதித் தர வேண்டியவர் டாக்டர். பிசியோ கையில் மருந்து வயல் (சிறு புட்டி) இருக்கலாம், முடிவு அவர் கையில் இல்லை.

மருந்து குறைகிறதே என்று சலைன் கலக்காதீர்கள். சலைனில் இருக்கும் சோடியமும் பாசிட்டிவ் மின்னேற்றம் கொண்டதுதான். உருவத்தில் சிறியது, வேகமானது. கரன்டின் பெரும்பங்கை அது சுமந்துகொண்டு முன்னால் ஓடிவிடும், லிக்னோகெய்ன் பின்தங்கும். ஈ.சி.ஜி. ஜெல் தடவுவதும் இதே காரணத்தால் வீண்.

அளவைக் கணக்குப் போட்டே பாருங்கள். 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. பேடில் 2 மில்லி ஊற்றினால் 40 மி.கி. அட்ரினலின் இல்லாத லிக்னோகெய்னுக்கு உச்சவரம்பு கிலோ எடைக்கு 4.5 மி.கி., பத்துக் கிலோக் குழந்தைக்கு 45. பேடில் உள்ளதில் சிறு பங்குதான் உள்ளே போகும். முழுவதும் போனாலும் வரம்புக்குள்ளேயே இருக்கிறது. அதே 2 மில்லியை 4 சதவீத வயலிலிருந்து எடுத்தால் 80 மி.கி. ஆகிவிடும். வயல் லேபிளை இரண்டு பேர் படியுங்கள்.

படி 4: தோலைத் தயார் செய்வது

டெல்லியில் டிசம்பர், ஜனவரியில் குழந்தைகளின் கையில் வாஸ்லினோ கடுகெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இல்லாமல் இருக்காது. எண்ணெய் இருக்கும் இடத்தில் கரன்ட் நுழையாது. எண்ணெய் விட்டுப்போன சின்ன இடைவெளியில் மொத்தமும் குவிந்து இறங்கும், அங்கே சுடும். சோப்புத் தண்ணீரில் ஊறிய துணியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் பஞ்சு, பிறகு முழுதாகக் காய விடுதல். குளிரில் வறண்டு பொருக்குத் தட்டிய தோலாக இருந்தால், சோப்பால் துடைத்தபின் வெதுவெதுப்பான ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள், தோலின் தடை குறையும். தேய்த்துச் சிவக்க வைக்காதீர்கள். முடி அதிகமென்றால் கத்தரியால் வெட்டுங்கள், சவரம் வேண்டாம்.

வெள்ளிக் காப்பு, கைக்கடிகாரம், மோதிரம் கழற்ற வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறை அவிழ்க்கச் சொன்னால் பாட்டிமார் முகம் மாறும். உலோகத் தாயத்து இல்லையென்றால் மேலே தள்ளிவிட்டு வேலையைப் பாருங்கள். வென்ஃப்ளான் போடப்போகும் நரம்பை (ரத்தக் குழாயைத்தான் சொல்கிறேன்) இப்போதே தேடி, பேனாவால் நான்கு மூலையும் குறித்துக்கொள்ளுங்கள். பேடை எடுத்தபின் அட்ரினலினால் தோல் வெளுத்துப்போய் நரம்பைக் கண்டுபிடிப்பது சிரமம். நரம்பு கிடைத்தும் ஊசி மரத்த எல்லைக்கு வெளியே குத்தினால் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 5: பேட் வைப்பது

கடையில் கிடைக்கும் மருந்துப் பேடில் எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் குறைந்தால் உலர்ந்த திட்டு விழும். கூடினால் ஓரத்தில் வழிந்து பசை விட்டுப்போகும். இரண்டுமே கரன்டை ஓரிடத்தில் குவிக்கும்.

கார்பன் ரப்பர் பிளேட் வைத்துச் செய்கிறவர்கள், மருந்தில் நனைத்த மெல்லிய காஸ் துணியைத் தோலின் மேல் படியவைத்து, அதன் மேல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பல மடிப்பாக, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் வைத்து, அதற்கு மேல்தான் பிளேட் வைக்க வேண்டும். பிளேட்டின் விளிம்பு துணிக்கு வெளியே ஒரு நூலளவுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பேண்டேஜ் சுற்றும்போது இறுக்கம் சீராக இருக்கட்டும். முழங்கை மடிப்பில் வைத்தால் துணி நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும், விளிம்பு மட்டும் தோலைத் தொடும். கையை நீட்டவைத்து விரல்களால் ஒருமுறை தடவிப் பாருங்கள், உள்ளே காற்று இருந்தால் தெரிந்துவிடும்.

மருந்துப் பேடில் பாசிட்டிவ். நெகட்டிவ் பேட் அதே கையில் ஒரு சாண் தள்ளி, தசை உள்ள இடத்தில். வலது கையில் ஒன்று இடது கையில் ஒன்று வைக்காதீர்கள், கரன்ட் நெஞ்சைக் கடந்து போகும்.

நெகட்டிவ் பேடை அலட்சியமாக ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. மருந்து அங்கே இல்லையே என்ற நினைப்பு. பாசிட்டிவ் முனைக்குக் கீழே அமிலமும் நெகட்டிவ் முனைக்குக் கீழே காரமும் உருவாகும். இரண்டில் தோலை அதிகம் அரிப்பது காரம்தான். அதனால் நெகட்டிவ் பேட் மருந்துப் பேடைவிடப் பெரிதாக இருப்பது உத்தமம். வெள்ளி, சில்வர் குளோரைடு எலக்ட்ரோடு உள்ள பேட்களில் இந்த அமில, காரத் தொல்லை மிகவும் குறைவு. விலை கூடினாலும் குழந்தைகளுக்கு நான் அதையே சொல்வேன்.

படி 6: கரன்ட் ஏற்றுவது

இங்கே டோஸ் என்பது மில்லி ஆம்பியரை நிமிடத்தால் பெருக்கி வருவது. வழக்கமான டோஸ் 40. 4 மில்லி ஆம்பியரில் 10 நிமிடம், 2 மில்லி ஆம்பியரில் 20 நிமிடம், இரண்டும் ஒன்றே. 4க்கு மேல் போகாதீர்கள். பேடின் பரப்பையும் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. நான்குக்கு நான்கு சென்டிமீட்டர் பேடில் 4 மில்லி ஆம்பியர் என்றால் 0.25, பயமில்லை. இரண்டுக்கு மூன்று பேடில் அதே 4 வைத்தால் 0.67 ஆகிவிடும். அங்கே 2 வைத்து இருபது நிமிடம் பொறுத்திருங்கள். அவசரம் என்று கரன்டை ஏற்றுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பூஜ்யத்திலிருந்து அரை நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ஏற்றுங்கள். முதலில் லேசான ஊறல், பிறகு இதமான சூடு. குழந்தையிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் "ஆமா" என்றுதான் வரும். "எப்படி இருக்கு கண்ணா, என்ன பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள். கரோல் பாகில் வளர்ந்த நம் பிள்ளைகள் பாதி நேரம் இந்தியில்தான் பதில் சொல்லும், எறும்பு ஊர்வதாகச் சொன்னால் எல்லாம் சரி. ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டி அங்கே மட்டும் குத்துகிறது என்றால் உடனே கரன்டை இறக்கிவிட்டுப் பேடைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எண்ணெயோ காற்றோ உலர்ந்த திட்டோ இருக்கும்.

இந்தப் பேச்செல்லாம் முதல் சில நிமிடங்களுக்குத்தான். அதற்குப் பிறகு பேடுக்குக் கீழே மரக்க ஆரம்பித்துவிடும். குழந்தை சமாதானமாக இருப்பதை நல்ல அறிகுறி என்று நம்ப முடியாது. இனி நாம் திரையைத்தான் நம்ப வேண்டும். கரன்ட் நிலையாக இருக்கிறதா, மெஷின் தடை எச்சரிக்கை தருகிறதா, பேடின் ஓரம் உலர்கிறதா என்று பார்த்தபடி பக்கத்திலேயே உட்காருங்கள். இந்த நேரத்தில் போன் எடுக்கப் போகாதீர்கள். குழந்தை கையில் மொபைல் கொடுப்பது பரவாயில்லை, சார்ஜரில் மாட்டியதாக மட்டும் இருக்க வேண்டாம்.

ஓடும்போது பேடைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, வயரையும் பிடுங்கக் கூடாது. சுருக்கென்று ஷாக் அடிக்கும், அந்தக் குழந்தை அடுத்த முறை மெஷினைப் பார்த்தாலே அலறும். எப்போதும் மெல்ல இறக்கி, பூஜ்யம் வந்தபிறகே கை வையுங்கள்.

கவனிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. ஒற்றைத் தலைவலிக்காக சுமாட்ரிப்டானை இதே முறையில் தோல் வழியே இறக்கும் பேட் ஒன்று அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. நோயாளிகளே வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். தோல் வெந்துபோனதாகவும் தழும்பு விழுந்ததாகவும் புகார்கள் வர, 2016ல் விற்பனையை நிறுத்தினார்கள். அத்தனைக்கும் அதில் மரப்பு மருந்து கிடையாது.

படி 7: எடுத்த பிறகு

இரண்டு பேடுக்குக் கீழேயும் தோல் சிவந்திருக்கும். சில மணி நேரத்தில், போனால் ஒரு நாளில் மறைந்துவிடும். அட்ரினலின் வைத்த இடம் வெளுத்து, சுற்றிலும் சிவப்பு வளையம் தெரியும், அதுவும் சாதாரணம். கொப்புளம், சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்ட புள்ளி, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் சிவப்பு ஆகியவை தீக்காயம். டாக்டரிடம் காட்டுங்கள். மரத்த பகுதியில் எரிச்சல் பிறகுதான் தெரியும் என்பதால் பெற்றோரிடம் "ராத்திரி ஒருமுறை, நாளைக் காலையில ஒருமுறை கையைப் பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்புங்கள். மரப்பு விடும்வரை குழந்தை அந்த இடத்தைச் சொறியாமலும் சூடான பாத்திரத்தில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்துவிட்டதா என்று பல்குத்தும் குச்சி முனையால் தொட்டுப் பாருங்கள், பேடுக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. குழந்தை கண்ணை மூடியிருக்கட்டும். பிறகு தாமதிக்காமல் ஊசி. ரத்தம் எடுப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் மரப்பு அவருக்காகக் காத்திருக்காது. அதனால் அவர் வந்து நிற்பதை உறுதி செய்துவிட்டுத்தான் நான் மெஷினையே ஆன் செய்வேன்.

வேறு எங்கெல்லாம்

தோலில் மட்டுமல்ல, செவிப்பறையிலும் இந்த முறை உண்டு. காதுக்குழலில் லிக்னோகெய்ன், அட்ரினலின் கரைசலை நிரப்பி கரன்ட் ஓட்டினால் செவிப்பறை மரக்கும். மயக்க மருந்து இல்லாமலே குழந்தைகளுக்குக் காதில் குழாய் வைக்கும் சாதனம் ஒன்றுக்கு 2019ல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அது காது மூக்கு தொண்டை டாக்டரின் வேலை, நாம் தொடக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளின் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த இடம்) ஊசி ஏற்றும் முன்னும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் வாரம் மூன்று முறை அதே இடத்தில் கரன்ட் வைத்தால் தோல் தாங்குமா என்று பார்க்க வேண்டும், அவர்களுக்குக் கிரீம்தான் என் முதல் தேர்வு.

உள்ளங்கை வியர்வைக்கு தண்ணீர்த் தட்டில் கை வைத்துச் செய்வதும் அயன்டோபோரெசிஸ்தான், மரப்பு மருந்து மட்டும் கிடையாது. டெல்லி வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிட்டு "ஒண்ணுமே தெரியலையே" என்று கேட்பவர்கள் உண்டு. உப்பெல்லாம் வடிகட்டிய தண்ணீரில் கரன்ட் ஓடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக ரெக்கார்டு. எந்தக் கை, எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை நிமிடம், மருந்துப் பேடில் எந்தத் துருவம், பேட் அளவு, எடுத்தபின் தோல் எப்படி இருந்தது, இவ்வளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பேட் ஒருவருக்கு ஒருமுறைதான், கழுவி வைக்காதீர்கள். மறுநாளும் ஊசி உண்டென்றால் அடுத்த கையில் வையுங்கள்.